சாதுவான கன்றுகளுக்கு எந்தக் காளை? இறைச்சி மாடுகளின் குணத்துக்கான மரபுக் கணிப்புகள்: ஓர் ஒப்பீடு

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்து இறைச்சி மாட்டுப் பண்ணைகளில், எடை பார்ப்பதற்கும் தடுப்பூசி போடுவதற்கும் ஒரு மாடு மட்டும் நுழையக்கூடிய இரும்புக் கூண்டு ஒன்று இருக்கும். நம் ஊர்க் கால்நடை மருத்துவமனை முற்றத்தில் மாட்டை அடைத்து நிறுத்த வைத்திருக்கும் டிராவிஸ் என்ற சட்டத்துக்கு அதைப் பெரியண்ணன் எனலாம். மாட்டின் குணத்தை அளக்கும் நாளில், அந்தக் கூண்டின் முன்கதவுக்கு வெளியே, மாடு போகும் வழியின் குறுக்கே ஏறத்தாழ இரண்டு மீட்டர் இடைவெளியில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு ஒளிக்கற்றைகளைப் பாய்ச்சியிருப்பார்கள். முதல் கற்றையை மாட்டின் உடல் மறைத்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும். இரண்டாவதை மறைத்ததும் நிற்கும். ஒரே மாதத்தில் பிறந்து ஒரே மேய்ச்சல் நிலத்தில் ஒன்றாக வளர்ந்த பிராமன் என்ற திமில் மாட்டினத்தின் இரண்டு கன்றுகளில் ஒன்று தலையைத் தாழ்த்தி நடந்து இரண்டு நொடி எடுத்துக்கொள்ளும். மற்றொன்று முக்கால் நொடியில் பாய்ந்து, எதிரே உள்ள வேலியில் மோதித் திரும்பும். அந்த ஒன்றேகால் நொடி வேறுபாட்டில் எவ்வளவு பிறவியிலேயே வந்தது, எவ்வளவு வளர்ப்பில் வந்தது என்பதும், பிறவியில் வந்த பங்கைப் பொலிகாளை வாங்கும்போதே கணித்துக்கொள்ள முடியுமா என்பதும் இங்கே எடுத்துக்கொண்ட கேள்விகள்.

மிரளாத, முட்டாத மந்தை வேண்டும் என்று முடிவு செய்த பண்ணையாளருக்கு இன்று ஐந்து வழிகள் இருக்கின்றன. தன் மாடுகளைத் தானே பார்த்து, முரட்டு மாடுகளைக் கழித்துவிடலாம். இனச் சங்கங்கள் வெளியிடும் சாதுத்தன்மை மதிப்பைப் பார்த்துக் காளை வாங்கலாம். கூண்டிலிருந்து வெளியேறும் நேரத்துக்கான மதிப்பைப் பார்த்து வாங்கலாம். மரபணுச் சோதனை செய்த இளங்காளையை வாங்கலாம். அல்லது மரபை விட்டுவிட்டு, மாட்டைக் கையாளும் முறையை மாற்றிக்கொள்ளலாம். ஒன்றைச் செய்தால் மற்றொன்றைச் செய்யக்கூடாது என்பதில்லை. ஆனால் பணமும் கவனமும் அளவுக்கு உட்பட்டவை ஆதலால், எதில் எவ்வளவு செலவிடுவது என்று தீர்மானிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

கறவை மாடு நாளுக்கு இரண்டு வேளை மனிதக் கைக்குப் பழகியது. வட ஆஸ்திரேலியாவின் இறைச்சி மாடோ ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே, ஹெலிகாப்டரும் குதிரையும் நாயும் வைத்துத் திரட்டப்படும்போது மனிதனை அருகில் பார்க்கிறது. அப்படிப்பட்ட மாட்டின் குணம் வேலையாட்களின் எலும்பையும் உயிரையும் சார்ந்த விஷயம் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. பணக் கணக்கும் அதே பக்கம்தான் சாய்கிறது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை நடத்தை ஆய்வாளர் டெம்பிள் கிராண்டின் உள்ளிட்டோர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், கூண்டுக்குள் அமைதியாக நின்ற மாடுகள், துள்ளிய மாடுகளைவிட நாளொன்றுக்கு அதிக எடை கூடின. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், சாதுவான பசுக்களில் 94.6 விழுக்காடும் மிரளும் பசுக்களில் 88.7 விழுக்காடும் சினை பிடித்தன. அறுப்புக்கு முன் மிரண்டு ஓடிய மாட்டின் தசையில் சேமிப்பிலிருந்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து தீர்ந்துவிடுவதால், அறுத்த பிறகு அது லாக்டிக் அமிலமாக மாறிப் பிஎச் அளவைக் கீழே இறக்குவதற்கு வழியில்லாமல் போகிறது. இறைச்சி கருஞ்சிவப்பாகி, விரைவில் கெடுகிறது. பிஎச் 5.70-க்கு மேல் நின்றுவிட்ட உடலத்தை ஆஸ்திரேலியாவின் இறைச்சித் தரத் திட்டம் ஏற்பதில்லை.

குணம் வழிவழியாக வருகிறது என்பதில் மாடு வளர்த்தவர் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. ஸ்பெயினில் காளைச் சண்டைக்கான லீதியா இனத்தை வளர்ப்பவர்கள், பசுக்களைச் சிறு அரங்கில் விட்டுச் சோதித்து, பாயும் பசுக்களின் வயிற்றில் மட்டுமே அடுத்த தலைமுறையை எடுக்கும் வழக்கத்தை நெடுங்காலமாகக் கடைப்பிடித்து, சாதுத்தன்மைக்கு நேர் எதிர்த் திசையில் ஓர் இனத்தையே வார்த்திருக்கிறார்கள். வாடிவாசலுக்குக் காளை வளர்க்கும் நம் ஊரார் எந்தக் காளையின் கன்றுக்கு ஏன் போட்டி போடுகிறார்கள் என்பதும் இதே கதைதான். சுழி பார்த்து மாடு பிடிக்கும் நம் வழக்கத்துக்கும் ஓர் எதிரொலி உண்டு. நாம் கோபுரச் சுழியிலும் பாடைச் சுழியிலும் தேடியது உரிமையாளரின் அதிர்ஷ்டத்தை. கிராண்டினும் உடன் ஆய்வாளர்களும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில் தேடியது மாட்டின் மனநிலையை. கண்களுக்கு மேலே உயரத்தில் நெற்றிச் சுழி அமைந்த மாடுகள், கண்களுக்குக் கீழே சுழி அமைந்தவற்றைவிடக் கூண்டில் அதிகமாகக் கலவரமடைந்தன என்று அவர்கள் கண்டார்கள். ஆனாலும் ஒரு தனிக் காளையை வாங்கவோ தள்ளவோ சுழியை நம்புவது, மேகத்தைப் பார்த்து விதைப்பது போன்றதுதான். அதைவிட நல்ல கருவிகள் வந்துவிட்டன.

எண்களில் சொன்னால், மாடுகளிடையே குணத்தில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை மரபு சார்ந்தது என்பதே ஆங்கஸ், லிமூசின் போன்ற இனங்களின் பெரிய பதிவுத் தொகுப்புகள் காட்டுவது. சினை பிடிக்கும் திறனுக்கான மரபுப் பங்கு பொதுவாக இதில் பாதிகூட இராது என்பதை வைத்துப் பார்த்தால், இது நன்றாகவே மாற்றக்கூடிய பண்பு. கீழே வரும் கணக்குகளுக்கு 0.35 என்ற அளவை எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வழி, கண்ணால் பார்த்துக் கழிப்பது. செலவே இல்லாத, எல்லோரும் ஏற்கெனவே செய்கிற வேலை இது. ஒரு மாடு மிரண்டால் பட்டியே மிரளும் என்பதால், மோசமான நான்கைந்து மாடுகளை லாரியில் ஏற்றிய மறுநாளே பட்டியின் சூழல் மாறிவிடுவதைப் பலரும் அனுபவத்தில் கண்டிருப்பார்கள். அதனாலேயே அடுத்த தலைமுறையும் அதே அளவுக்குத் திருந்திவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். பசுக்களில் மோசமான பத்து விழுக்காட்டைக் கழித்தால், எஞ்சிய பசுக்களின் சராசரி ஏறக்குறைய 0.2 திட்டவிலக்க அளவு மேலேறும் (மாடுகள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதன் அளவே திட்டவிலக்கம்). அதில் மரபு சார்ந்தது 0.35 பங்கு. கன்றுக்குத் தாயிடமிருந்து போவது அதிலும் பாதி. பெருக்கிப் பார்த்தால், கன்றுகளின் சராசரி நகர்வது 0.03 திட்டவிலக்கம் மட்டுமே. மாறாக, தன் மரபு மதிப்பில் சராசரியைவிட ஒரு மரபுத் திட்டவிலக்கம் (மரபு சார்ந்த வேறுபாட்டை மட்டும் வைத்துக் கணக்கிட்டது) மேலே உள்ள ஒரு காளையைப் போட்டால், கன்றுகளின் சராசரி 0.3 திட்டவிலக்கம் நகரும், பத்து மடங்கு.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் எளியது. பசு ஆண்டுக்கு ஒரு கன்றுதான் போடும், அதனால் பசுக்களில் கடுமையாகக் கழிக்க இடமே இல்லை; காளையோ ஆண்டுக்கு இருபத்தைந்து, முப்பது கன்றுகளுக்குத் தகப்பன், உறைவிந்து என்றால் ஆயிரக்கணக்கில். கிடாரிகளைச் சொந்த மந்தையிலேயே நிறுத்திக்கொள்ளும் பண்ணையில், மூன்று தலைமுறைக் காளைகள் மாறியபின் பிறக்கும் கன்றின் மரபில் எட்டில் ஏழு பங்கு அந்தக் காளைகளின் வழியாகவே வந்திருக்கும். ஆகவே கழிப்பது ஆட்களின் பாதுகாப்புக்கான வேலை. மந்தையின் மரபை மாற்றும் வேலை காளைத் தேர்வில்தான் நடக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டு, கழிப்பதை மட்டுமே பத்தாண்டு செய்துவிட்டு, 'குணம் மாறவே இல்லை' என்று சலித்துக்கொள்வதில் பொருளில்லை.

இரண்டாவது வழி, சாதுத்தன்மை மதிப்பு. இதன் அடிப்படை மனிதக் கண் போடும் மதிப்பெண். அமெரிக்காவில் ஒன்று முதல் ஆறு வரையிலும், ஆஸ்திரேலியாவில் ஒன்று முதல் ஐந்து வரையிலும் போடுகிறார்கள். ஒன்று என்றால் கூண்டில் அசையாமல் நின்று நிதானமாக வெளியேறுவது. இரண்டு என்றால் கொஞ்சம் நெளிந்து வாலைச் சுழற்றுவது. மூன்று என்றால் கழுத்தைப் பிடித்து நிறுத்தும் தலைப்பூட்டை மாறிமாறித் தள்ளியும் இழுத்தும் பார்ப்பது. அதற்கு மேல் போகப் போக நடுங்குவது, கத்துவது, வேலியோரமாகக் கண்மண் தெரியாமல் ஓடுவது என்று போய், கடைசியில் ஆளைக் குறிவைத்துப் பாய்வதில் முடியும். இந்த மதிப்பெண்களையும் வம்சாவளியையும் சேர்த்துக் கணித்து, அமெரிக்க ஆங்கஸ் சங்கம் 'எதிர்பார்க்கும் சந்ததி வேறுபாடு' என்ற பெயரில், சுருக்கமாக இபிடி என்று, ஒவ்வொரு காளைக்கும் ஓர் எண்ணை வெளியிடுகிறது. வட அமெரிக்க லிமூசின் சங்கம் இதில் எல்லோருக்கும் முன்னோடி. துள்ளும் மாடு என்று தன் இனத்துக்குக் கெட்ட பெயர் வந்துவிட்ட நிலையில், 1990-களில் மதிப்பெண் பதிவைத் தொடங்கி, இனத்தின் சராசரியையே நகர்த்திக் காட்டிய சங்கம் அது. ஓர் இனம் முழுவதும் சேர்ந்து உழைத்தால் குணம் மாறும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்த எண்ணை எப்படி வாசிப்பது? ஓர் ஆங்கஸ் காளையின் மதிப்பு +25, மற்றொன்றின் மதிப்பு +10 என்றால், முதல் காளையின் கன்றுகளில் கூடுதலாக நூற்றுக்குப் பதினைந்து கன்றுகள் சாதுவான மதிப்பெண்களில் விழும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் இந்த விளக்கத்தோடு சங்கமே ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்கிறது: குணம் ஒரு சிக்கலாகவே இல்லாத மந்தையில் இந்த வேறுபாடு வெளிப்படாது. விலைப்பட்டியலைப் புரட்டுகிற பலர் பார்க்காமல் விடும் வரி இதுதான், ஆனால் முழு முடிவும் இதன்மேல்தான் நிற்கிறது என்பது என் எண்ணம். முன்பு பார்த்த 0.3 திட்டவிலக்க நகர்வையே எடுத்துக்கொள்வோம். பாதிக் கன்றுகள் மட்டுமே சாதுவாக உள்ள மந்தையில் அந்த நகர்வு, ஐம்பதை அறுபத்திரண்டாக்கும். ஏற்கெனவே தொண்ணூற்றைந்து விழுக்காடு சாதுவாக உள்ள மந்தையில் அதே காளை, அதே விலை, அதே நகர்வு, தொண்ணூற்றைந்தைத் தொண்ணூற்றேழாக்கும். முதல் பண்ணையாளருக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு கன்றுகள் கிடைக்கின்றன, இரண்டாமவருக்கு இரண்டு.

இந்த மதிப்பின் பலவீனம் மதிப்பெண் போடுகிற இடத்தில் இருக்கிறது. ஒரே நாளில், ஒரே ஆள், ஒன்றாக வளர்ந்த ஒத்த குழுவுக்கு மதிப்பெண் போட்டால்தான் ஒப்பிட முடியும். 'என் பண்ணையில் எல்லாமே சாது' என்று பெருமையோடு எல்லாக் கன்றுக்கும் ஒன்று போட்டு அனுப்பும் பண்ணையாளர், கணிப்புக்கு எந்தத் தகவலையும் அனுப்பவில்லை. வேறுபாடு இல்லாத இடத்தில் எதை எதோடு ஒப்பிடுவது? மதிப்பெண்ணைப் பால் மறந்த கன்றுகளிடமோ, ஏறத்தாழ ஒரு வயதிலோ, கூண்டுக்கு அதிகம் பழகும் முன்பே போட வேண்டும். கண்காட்சிக்காகக் கயிறு கட்டி, தினமும் தேய்த்துக் குளிப்பாட்டி வளர்த்த காளை சாதுவாக நிற்பது பழக்கியவனின் திறமை. அதன் கன்றுக்கு அது போய்ச் சேராது. அதோடு, ஓர் இனத்தின் +20-ஐயும் மற்றோர் இனத்தின் +20-ஐயும் ஒன்றென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு சங்கத்தின் கணக்கும் தனக்கென ஓர் அடித்தளத்தின்மேல் நிற்கிறது.

மூன்றாவது வழி, தொடக்கத்தில் சொன்ன ஒளிக்கற்றைக் கடிகாரம். குயின்ஸ்லாந்தில் ஹெதர் பரோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1988-இல் வெளியிட்ட முறை இது. ஆஸ்திரேலியாவின் பிரீட்பிளான் கணிப்பு முறை, இந்த நேரத்தை வைத்துப் பிராமன் உள்ளிட்ட வெப்பமண்டல இனங்களுக்கு 'வெளியேறும் நேர' மதிப்பை நொடிக்கணக்கில் தருகிறது. எண் பெரிதானால் மாடு சாது. அமெரிக்காவின் டெக்சாஸில் இதே அளவீட்டை வேகமாக மாற்றி, நொடிக்கு எத்தனை மீட்டர் என்று சொல்வார்கள். அங்கே எண் சிறிதானால்தான் சாது. ஒரு நாட்டுக் கட்டுரையைப் படித்துவிட்டு மற்றொரு நாட்டு உறைவிந்துப் பட்டியலைப் பார்ப்பவர்கள் இதில் தலைகீழாகத் தேர்ந்தெடுத்துவிட வாய்ப்பு உண்டு.

இன்னொரு பொறியும் இருக்கிறது. அமெரிக்க இபிடி என்பது கன்றுகளிடையே எதிர்பார்க்கும் வேறுபாடு. ஆஸ்திரேலியப் பட்டியல்களில் வரும் இபிவி (கணிக்கப்பட்ட இனப்பெருக்க மதிப்பு) என்பது காளையின் சொந்த மரபு மதிப்பு, அதில் பாதிதான் கன்றுக்குப் போகும். ஒரு காளைக்கு +0.80 நொடி, மற்றொன்றுக்கு +0.10 நொடி என்றால் இடைவெளி 0.70, கன்றுகளிடையே எதிர்பார்க்க வேண்டியது 0.35 நொடி. கணிப்பு எவ்வளவு உறுதியானது என்று காட்டும் நம்பகத்தன்மை அளவும் அப்படித்தான். ஆஸ்திரேலியப் பட்டியலில் 60 விழுக்காடு என்று போட்டிருக்கும் நம்பகத்தன்மை, அமெரிக்கச் சங்கங்களின் கடுமையான சூத்திரப்படி 0.20 என்று வரும். இரண்டும் ஒரே அளவு தகவலைத்தான் குறிக்கின்றன. இது தெரியாமல் அமெரிக்கக் காளையை 'நம்பகத்தன்மை வெறும் இருபது' என்று தள்ளியவர், ஆஸ்திரேலியாவில் அதே அளவு தெரிந்த காளையை 'அறுபது' என்று மகிழ்ச்சியோடு வாங்கியிருப்பார்.

கடிகாரத்துக்கும் மனிதக் கண்ணுக்கும் இடையில் எது மேல்? கடிகாரத்துக்குப் பெருமையும் இல்லை, களைப்பும் இல்லை. எல்லாக் கன்றுக்கும் ஒன்று போட அதற்குத் தெரியாது. முக்கால் நொடிக்கும் இரண்டு நொடிக்கும் நடுவே எத்தனையோ படிகளைப் பிரித்துக் காட்டுவதால், ஆறு கட்ட மதிப்பெண்ணைவிட நுணுக்கமான தகவல் அதில் கிடைக்கிறது. வெப்பமண்டல இனங்களில், மெதுவாக வெளியேறும் மாடுகளின் இறைச்சி மென்மையாக இருப்பதற்கும் ஒரு மரபுத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. குணத்துக்காகத் தேர்ந்தெடுப்பவர் அறுத்தபின் மட்டுமே அளக்கக்கூடிய ஒரு பண்பையும் சற்றே இழுத்துவருகிறார் என்பது பெரிய கூடுதல். ஆனால் கடிகாரம் அளப்பது அச்சத்தை. வேகமாக வெளியேறாமல், திரும்பி நின்று ஆளைப் பார்க்கும் மாடு கடிகாரத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். அதைக் கண்டுபிடிக்க மனிதக் கண்தான் வேண்டும். ஆகவே இரண்டும் ஒரே பண்பின் இரு அளவுகோல்கள் என்பதைவிட, ஓரளவு ஒன்றோடொன்று பிணைந்த இரு பண்புகள் என்பதே சரி.

நடைமுறையில் இந்தத் தேர்வு பெரும்பாலும் பண்ணையாளரின் கையில் இல்லை. உண்ணியும் வெயிலும் வாட்டும் வட குயின்ஸ்லாந்தில் பிராமன் அல்லது பிராமன் கலப்பைத் தவிர வேறு மாட்டை வைத்து லாபம் பார்ப்பது கடினம்; கிர், காங்கிரேஜ், ஓங்கோல் போன்ற இந்திய நாட்டு மாடுகளிலிருந்து அமெரிக்காவில் உருவாக்கிய இனம் அது. அங்கே வெளியேறும் நேர மதிப்புதான் கிடைக்கும், அதுவே பொருத்தமும்கூட. தெற்கே ஆங்கஸ், லிமூசின் வைத்திருப்பவருக்குச் சாதுத்தன்மை மதிப்பு. தன் இனத்தில் எந்த மதிப்புக்குப் பதிவுகள் திரண்டிருக்கின்றனவோ அதைப் பின்பற்றுவதுதான் விவேகம்.

நான்காவது, மரபணுச் சோதனை. இதைத் தனி வழி என்பதைவிட முன்னிரண்டு மதிப்புகளுக்கும் கூர்மை தீட்டும் வேலை எனலாம். காளையின் வால்முடியோ காதுத் துணுக்கோ கொடுத்தால், அதன் மரபுக் குறியீடுகள் ஆயிரக்கணக்கில் படிக்கப்பட்டு, அவை கணிப்பில் சேர்க்கப்படும். இதன் மதிப்பு எங்கே தெரியும் என்றால், பதிவு எதுவும் இல்லாத இளங்காளையிடம். வம்சாவளியை மட்டும் வைத்துக் கணித்தால், தாய் தந்தையை எவ்வளவு துல்லியமாக அறிந்திருந்தாலும் நம்பகத்தன்மை 71 விழுக்காட்டைத் தாண்ட வழியே இல்லை. கருமாற்று முறையில் பிறந்த உடன்பிறந்த காளைகள் ஐந்துக்கும் பட்டியலில் ஒரே எண்தான் இருக்கும். அந்த ஐந்தில் எது பாட்டனின் முரட்டுத்தனத்தை வாங்கியது, எது பாட்டியின் நிதானத்தை வாங்கியது என்று பிரித்துக் காட்டத் தொடங்குவது மரபணுச் சோதனைதான். கன்றின் சொந்த மதிப்பெண் ஒன்று தரும் நம்பகத்தன்மையே ஏறத்தாழ 59 விழுக்காடுதான் என்பதை வைத்துப் பார்த்தால், கன்று கூண்டையே பார்க்காத வயதில் அதை நெருங்கும் ஒரு கணிப்பு கிடைப்பது சாதாரணமல்ல.

ஆனால் அந்தக் கணிப்பு எங்கிருந்தோ வானத்திலிருந்து வருவதில்லை. யாரோ ஒருவர் தன் பட்டியில் நின்று போட்ட மதிப்பெண்களிலிருந்துதான் வருகிறது. ஆங்கஸ் மாடுகளின் பதிவில் பயிற்றுவிக்கப்பட்ட கணிப்பு ஆங்கஸுக்குப் பொருந்தும். பிராமனுக்கு அதை அப்படியே ஒட்டவைத்தால் ஏறக்குறைய நாணயம் சுண்டிப் பார்ப்பதற்குச் சமமாகிவிடும். கலப்பின மந்தை வைத்திருப்பவரிடம் சோதனையை விற்க வருபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இந்தக் கணிப்பின் பின்னால் என் இனத்து மாடுகள் எத்தனை?' என்பதே. பொலிகாளை விற்கும் இனப்பண்ணைக்குச் சோதனைச் செலவு நியாயமானது. இறைச்சிக்கு மட்டும் கன்று விற்பவர் காளையை வாங்கும்போது சோதனை முடிவோடு வாங்கினால் போதும். தன் கிடாரிகளுக்கெல்லாம் குணத்துக்காக மட்டும் சோதனை செய்வது வீண் செலவு என்றே நினைக்கிறேன்.

ஐந்தாவது வழியான கையாளும் முறையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், அது மிகவும் வேலை செய்கிறது என்பதால். தாயிடமிருந்து பிரித்த கன்றுகளை ஒரு வாரம் பத்து நாள் பட்டியிலேயே வைத்து, தீவனம் போட்டு, ஆள் நடந்து பழக்கினால் அதன் பலன் நெடுநாள் நிற்கிறது என்பது ஆஸ்திரேலியாவில் நன்கு அறிந்த செய்தி. பலன் இதே தலைமுறையில் கிடைக்கும். அடுத்த தலைமுறைக்கு மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். ஆண்டுதோறும் செய்ய ஆளும் தீவனமும் உள்ள பண்ணைக்கு, குணத்துக்கென்று தனியாகக் காளைக்குக் காசு கொட்டுவதைவிட இதுவே மலிவு. ஆயிரம் சதுர கிலோமீட்டரில் மாடுகளைப் பரப்பி வைத்திருப்பவருக்கு அப்படிப் பழக்க வழியில்லை. அவருக்கு மரபுதான் கதி. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பழக்கிய பிறகு மதிப்பெண் போட்டால் மரபின் வேறுபாடு மூடுண்டுவிடும். முதலில் மதிப்பெண், பிறகு பழக்கம்.

சரி, காளை வாங்கும் நாளில் என்ன செய்வது? என் பரிந்துரை, சாதுத்தன்மையை ஏணியாக அல்லாமல் வாசற்படியாகக் கொள்வது. தன் மந்தையின் கன்றுகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் மூன்றோ அதற்கு மேலோ மதிப்பெண் வாங்கினால், இனத்தின் தரவரிசையில் மேல் கால்பகுதிக்குள் வரும் காளைகளை மட்டும் பார்க்கலாம். அதைவிடக் குறைவாக வாங்கினால், இனச் சராசரியைத் தொட்டிருந்தால் போதும். படியைத் தாண்டிய காளைகளுக்குள் தேர்ந்தெடுக்கும்போது குணத்தை மறந்துவிட்டு, கன்று ஈனும் எளிமை, வளர்ச்சி, சினைத்திறன் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு பண்புகளுக்குச் சம அழுத்தம் கொடுத்துத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொன்றிலும் கிடைக்கும் முன்னேற்றம், அதற்கு மட்டுமே தேர்ந்தெடுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதில் பாதியாகக் குறைந்துவிடும் என்பது பழைய பாடம். ஏற்கெனவே நல்ல குணமுள்ள மந்தைக்கு மேலும் நல்ல குணம் சேர்க்க அந்த விலையைக் கொடுக்க வேண்டாம். குணத்துக்கும் வளர்ச்சிக்கும் இடையே பெரிய மரபு மோதல் காணப்படவில்லை என்பதால், படியைத் தாண்டிய காளைகளுக்குள்ளேயே மற்றப் பண்புகளில் சிறந்தவை எப்போதும் கிடைக்கும்.

இங்கே அமெரிக்காவின் மொன்டானா போன்ற மேட்டுநிலங்களின் பண்ணையாளர்கள் எழுப்பும் மறுப்பு நியாயமானது. ஓநாயும், அதைவிடச் சிறிய கயோட்டும் உலவும் நிலத்தில், கன்றை விட்டுக்கொடுக்காத தாய் வேண்டும். எல்லாவற்றையும் சாதுவாக்கிவிட்டால் கன்றை யார் காப்பது என்று அவர்கள் கேட்கிறார்கள். கூண்டில் துள்ளுவதும், ஈன்ற மூன்றாம் நாள் கன்றைத் தொட வந்தவனை முட்டுவதும் ஒரே பண்பு அல்ல. ஒரு வயதில் போட்ட மதிப்பெண்ணிலிருந்து பிறந்த கணிப்பு முதலாவதைப் பற்றியது. இரண்டாவதைப் பற்றி அது அதிகம் சொல்வதில்லை. இதனால் சாதுத்தன்மை மதிப்பைப் பின்பற்றுபவர் தாய்ப்பாசத்தை இழந்துவிடுவார் என்று அஞ்சத் தேவையில்லை. அதே சமயம், கன்று ஈன்ற நாளில் ஆளை விரட்டும் பசுக்கள்தான் தன் சிக்கல் என்பவருக்கு இந்த எண் கைகொடுக்காது; அவர் ஈனும் காலத்துக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, எந்தக் காளையின் மகள்கள் அப்படிச் செய்கின்றன என்று தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, அடிக்கடி நேரும் ஒரு சங்கடம். பட்டியலில் நல்ல எண்ணோடு வாங்கிய காளை, லாரியிலிருந்து இறங்கியதும் பட்டியின் மூலைக்கு ஓடி, நடந்து வந்த ஆளைக் குனிந்து பார்க்கிறது. நம்பகத்தன்மை 60 விழுக்காடு என்றால் மரபு வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இன்னும் தெரியாமலே இருக்கிறது என்று பொருள். ஆகவே எண் தவறியிருக்கலாம். நெடும்பயணமும் புதிய இடமும் தனிமையும் செய்த வேலையாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று சாதுவான மாடுகளைத் துணைக்கு விட்டு, சில வாரம் பொறுத்து, மறுபடி கூண்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் தரையில் நிற்கும் ஆளை நோக்கி வந்தால், எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை அறுப்புக்கு அனுப்பிவிட வேண்டும். எண் அதன் கன்றுகளைப் பற்றியது, கொம்பும் எடையும் அதனுடையவை. அதற்குள் அது சில பசுக்களைச் சினைப்படுத்தியிருந்தால், அந்தக் கன்றுகளை அவசரப்பட்டு ஒதுக்க வேண்டியதில்லை. மற்றொரு காளையின் கன்றுகளோடு ஒரே குழுவாக வளர்த்து, பால் மறக்கச் செய்யும் நாளில் ஒரே ஆளை வைத்து மதிப்பெண் போட்டால், தவறியது எண்ணா அல்லது அந்த லாரிப் பயணமா என்பது தெரிந்துவிடும். அதுவரை அதன் கிடாரிகள் எதையும் தாய்மந்தைக்கென்று நிறுத்தாமல் இருப்பது நல்லது.